'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே' ஏன் தவறு? பர்மாத் தமிழருக்கான ஆங்கிலப் பிழை நீக்கும் வழிமுறை

வீட்டில் தமிழ், தெருவில் பர்மியம், வகுப்பில் ஆங்கிலம். ரங்கூனிலும் மோல்மேனிலும் வளரும் பிள்ளைக்கு மூன்று மொழிகள் பழகினாலும், முதல் இரண்டிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். ஆங்கிலம் மட்டும் எதிர்த்திசை. அதனால் சொற்களெல்லாம் தெரிந்திருந்தும் அடுக்கும்போது வண்டி தடம் புரள்கிறது. 'ஹேவ்' போட்டுச் சொல்லும் வாக்கியத்தில் தொல்லை இன்னும் கூடுதல். தமிழிலும் பர்மியத்திலும் அதைப் போலவே ஒன்று இருக்கிறது. ஆனால் அச்சாக அதுவே இல்லை.

கீழே பிழைகள் அறிகுறிப்படி உள்ளன. உங்கள் வாக்கியத்தில் எந்தக் கோளாறோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மற்றவை அதன் மேல்தான் நிற்கின்றன.

அறிகுறி 1: வினைச்சொல் கடைசிக்கு ஓடுகிறது

தவறு: ஐ யெஸ்டர்டே மார்க்கெட் எ லோன்ஜி பாட்.

சின்ன வாக்கியத்தில் யாரும் இப்படித் தவறுவதில்லை. 'ஐ ஈட் ரைஸ்' என்று சரியாகத்தான் சொல்வார்கள். இடமும் நேரமும் சேர்ந்து வாக்கியம் நீண்டதும் பழைய பழக்கம் தலைதூக்கும்.

இதற்குக் கையில் இருக்கும் மருந்து, தமிழ் வாக்கியத்தையே பின்னாலிருந்து வாசிப்பது. எடுத்துக்காட்டாக ஒன்றைத் துண்டு போடுவோம்:

நான் / நேற்று / போஜோக் மார்க்கெட்டில் / ஒரு லுங்கி / வாங்கினேன்.

'நான்' என்பதை அசைக்காமல் முன்னால் வையுங்கள். மற்ற நான்கு துண்டுகளையும் கடைசியிலிருந்து முன்னோக்கி எடுங்கள்: வாங்கினேன் / ஒரு லுங்கி / போஜோக் மார்க்கெட்டில் / நேற்று. கிடைப்பது: ஐ பாட் எ லோன்ஜி அட் போஜோக் மார்க்கெட் யெஸ்டர்டே. கண்ணாடியில் தெரிவது போல வரிசை அப்படியே திரும்பிவிட்டது, அதற்கு மேல் ஒரு துண்டைக்கூட இடம் மாற்ற வேண்டியதில்லை. துண்டுக்குள்ளும் அதே கண்ணாடிதான் வேலை செய்கிறது. 'மார்க்கெட்டில்' என்பதில் பின்னால் ஒட்டிய 'இல்', 'அட் மார்க்கெட்' என்று முன்னால் வந்துவிட்டது.

இப்போது வினையை மட்டும் மாற்றிப் பாருங்கள். 'வாங்கியிருக்கிறேன்' என்பதைப் பிரித்தால் வாங்கி + இருக்கிறேன். திருப்பிப் போட்டால் இருக்கிறேன் + வாங்கி, அதாவது ஹேவ் + பாட். சொல்வரிசையும் 'ஹேவ்' வாக்கியமும் இரண்டு தனிப் பாடங்கள் என்று நினைத்துத் தனித்தனியே மனப்பாடம் செய்கிறவர்கள் பாதி உழைப்பை வீணாக்குகிறார்கள்.

கண்ணாடி உடையும் இடம் ஒன்று உண்டு. 'சிவப்பு லுங்கி', 'என் தம்பியின் கடை', 'அந்த மூன்று பெரிய மாமரங்கள்' போன்றவை நூல் கட்டிய பொட்டலங்கள். அவற்றைப் பிரிக்கக் கூடாது. ஆங்கிலத்திலும் 'ரெட் லோன்ஜி', 'மை பிரதர்ஸ் ஷாப்' என்று அதே வரிசைதான். துண்டு போடும்போது 'சிவப்பு' ஒரு துண்டு, 'லுங்கி' ஒரு துண்டு என்று வெட்டியவர்தான் 'லோன்ஜி ரெட்' என்று சொல்வார். சொல் சொல்லாக வெட்டாமல், 'யார், எப்போது, எங்கே, எதை, என்ன செய்தார்' என்ற ஐந்து கேள்விகளுக்கான பதிலாக வெட்டுங்கள்.

பயிற்சி: ஒரு தாளை முப்பது சீட்டுகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள். வாக்கியத்துக்கு ஐந்து சீட்டு, ஆறு வாக்கியம். தமிழ்த் துண்டுகளை இடமிருந்து வலமாக மேசையில் பரப்பி, முதல் சீட்டை விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து எடுத்து ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். எழுத வேண்டாம், எழுதினால் வேகம் வராது. ஆறு வாக்கியத்தையும் தடங்கலில்லாமல் ஒரு நிமிடத்தில் சொல்ல வரும்வரை அதே சீட்டுகள். பிறகு புதியவை.

அறிகுறி 2: 'த யெஸ்டர்டே பாட் புக்'

'நேற்று வாங்கிய புத்தகம்' பார்க்கப் பொட்டலம் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் உள்ளே ஒரு வினை ஒளிந்திருக்கிறது. வினை இருக்கும் பொட்டலத்தைப் பிரித்துத் திருப்ப வேண்டும்: புத்தகம் / வாங்கிய / நேற்று. நடுவில் வாங்கியவர் யார் என்பதைச் செருகினால் போதும்: த புக் ஐ பாட் யெஸ்டர்டே.

அறிகுறி 3: கேள்வி கேள்வி மாதிரி ஒலிக்கவில்லை

தவறு: யூ ஹேவ் ஈட்டன்? வேர் யூ ஹேவ் பீன்?

தமிழில் கடைசியில் ஒரு 'ஆ' ஒட்டினால் கேள்வி. பர்மியத்தில் கடைசியில் ஒரு 'லா'. இரண்டிலும் சொல் எதுவும் நகராது. ஆங்கிலத்தில் ஒட்டுவதற்கு எதுவும் கிடையாது, நகர்த்தித்தான் ஆகவேண்டும். 'ஹேவ்' எழுந்து ஆளைத் தாண்டி முன்னால் உட்காரும்: ஹேவ் யூ ஈட்டன்? வேர் ஹேவ் யூ பீன்?

இதைக் கற்றுக்கொண்டவர் அடுத்த மாதம் வேறொரு பிழையோடு வருவார்: 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி.' இது கேள்வி அல்ல, தெரியவில்லை என்ற செய்தி. கேள்விக்குறி போட முடியாத வாக்கியத்தில் எதையும் தாண்டவிடக் கூடாது: ஐ டோன்ட் நோ வேர் ஹி இஸ். முழு வாக்கியத்தின் கடைசியில் கேள்விக்குறி வருமா, முற்றுப்புள்ளி வருமா என்று பாருங்கள். முற்றுப்புள்ளி என்றால் வரிசை நேர்வரிசை.

அறிகுறி 4: 'ஹேவ்' வாக்கியத்தில் தேதி நுழைந்துவிடுகிறது

தவறு: ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே.

திருத்தும் ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்துவிட்டுப் போவார், மாணவருக்குக் காரணம் புரியாது. ஏனென்றால் தமிழில் 'நேற்றே அவரிடம் சொல்லியிருக்கிறேன்', 'போன வருஷம் பகானுக்குப் போயிருக்கிறேன்' என்பதெல்லாம் நல்ல தமிழ். நம்முடைய 'இருக்கிறேன்' தேதியோடு சண்டை போடாது. ஆங்கில 'ஹேவ்' போடும். 'ஹேவ்' போட்டுச் சொல்பவர், நடந்தது என்னவோ அதன் பலன் இப்போது கையில் இருக்கிறது என்கிறார். எப்போது நடந்தது என்பது அவருக்குக் கணக்கில்லை. தேதியைச் சொன்ன அந்த நொடியே பேச்சு அந்த நாளுக்குப் போய்விடுகிறது, 'ஹேவ்' அங்கே கூட வராது.

சோதனை எளிது. வாக்கியத்தைப் பார்த்து 'எப்போது?' என்று கேளுங்கள். முடிந்துபோன ஒரு நேரம் வாக்கியத்துக்குள்ளேயே பதிலாக இருந்தால் 'ஹேவ்' போகவேண்டும். யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2005 எல்லாம் இந்த வகை. 'வென்' என்று கேட்கும் கேள்வியும் அப்படியே. 'வென் ஹேவ் யூ கம்?' தவறு, 'வென் டிட் யூ கம்?' சரி.

நாட்டு நடப்பை வைத்தே பழகலாம். தலைநகர் ரங்கூனிலிருந்து நேப்பிடோவுக்குப் போனது 2005இல். அதனால்: த கவர்ன்மென்ட் மூவ்ட் டு நேப்பிடோ இன் 2005. இதில் 'ஹேஸ் மூவ்ட்' கூடாது. ஆண்டைச் சொல்லாமல், தலைநகர் இப்போது அங்கே இருக்கிறது என்பது மட்டும் செய்தியானால் 'த கேப்பிடல் ஹேஸ் மூவ்ட்' தாராளமாகச் சொல்லலாம். இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கத்துக்கு மாறியது 1970இல். மாறிய செயல் முடிந்தது: பர்மா சேஞ்ச்ட் டு த ரைட் இன் 1970. மாறிய நிலை இன்றுவரை தொடர்கிறது: கார்ஸ் ஹேவ் டிரிவன் ஆன் த ரைட் சின்ஸ் 1970. ஒரே ஆண்டு, இரண்டு வாக்கியம். 'இன்' வந்தால் ஹேவ் இல்லை, 'சின்ஸ்' வந்தால் ஹேவ் உண்டு.

டுடே, திஸ் வீக் போன்றவை முடியாத நேரம், அவற்றோடு 'ஹேவ்' வரலாம். 'திஸ் மார்னிங்' கொஞ்சம் வம்பு பிடித்தது. காலை பத்து மணிக்கு 'ஐ ஹேவ் ட்ரங்க் த்ரீ கப்ஸ் ஆஃப் டீ திஸ் மார்னிங்' சரி. அதையே மாலை நான்கு மணிக்குச் சொன்னால் 'ஐ ட்ரங்க்' என்று மாற்ற வேண்டும், காலைதான் முடிந்துவிட்டதே. (ஆங்கில எழுத்தில் இந்த இரண்டு 'ட்ரங்க்'குகளுக்கும் இடையே உயிரெழுத்து மாறும். முதலாவதில் 'யு', இரண்டாவதில் 'ஏ'.)

அறிகுறி 5: 'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்'

ஒரே வாக்கியத்தில் இரண்டு கோளாறு. தனித்தனியே கழற்றுவோம்.

முதலாவது காலம். 'அஞ்சு வருஷமா இங்கே வேலை செய்யறேன்' என்பதில் தமிழ் வினை நிகழ்காலம். அப்படியே மொழிபெயர்த்தால் 'ஐ ஆம் வொர்க்கிங்' வரத்தான் செய்யும். ஆங்கிலத்தில், அன்று தொடங்கி இன்றுவரை நீளும் எதற்கும் 'ஹேவ்' வேண்டும்: ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர், அல்லது ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர்.

இரண்டாவது ஃபார், சின்ஸ் குழப்பம். தமிழ் விகுதியே வழிகாட்டும். 'வருஷமாக', 'மாசமாக' என்று 'ஆக' வந்தால் ஃபார். 'திங்கட்கிழமையிலிருந்து', '2019 முதல்' என்று 'இருந்து', 'முதல்' வந்தால் சின்ஸ். ஃபார் நீளத்தைச் சொல்லும், சின்ஸ் தொடங்கிய புள்ளியைச் சொல்லும். திருத்திய வாக்கியம்: ஐ ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.

'ஹேவ்' என்ற ஒரு சொல்லை விழுங்கினால் பொருளே தலைகீழாகும். வேலைக்கான நேர்காணலில் 'ஐ வொர்க்ட் இன் எ ஹோட்டல் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால், ஐந்து வருஷம் வேலை செய்து விட்டுவிட்டேன் என்று பொருள். கேட்பவர் அடுத்து 'ஏன் விட்டீர்கள்?' என்பார், நீங்கள் இன்னும் அங்கேயே வேலையில் இருப்பீர்கள்.

இன்னொரு கண்ணி: தெரியும், இருக்கிறது, சொந்தம் போன்ற நிலைகளை 'இங்' போட்டு நீட்ட முடியாது. 'ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்' தவறு, 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்' சரி. ஒரு நொடியில் முடிந்துவிடும் செயலையும் ஃபார் போட்டு இழுக்கக் கூடாது. 'தாத்தா இறந்து மூணு வருஷம் ஆச்சு' என்பதை 'ஹி ஹேஸ் டைட் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றால், மூன்று வருஷமாகச் செத்துக்கொண்டே இருக்கிறார் என்பது போல ஆகிவிடும். தமிழில் 'ஆச்சு', பர்மியத்தில் 'ஷி பீ' வந்தால் 'அகோ' என்று எடுத்துக்கொள்ளுங்கள்: மை கிராண்ட்ஃபாதர் டைட் த்ரீ இயர்ஸ் அகோ.

அறிகுறி 6: 'கான்' போடுவதா, 'பீன்' போடுவதா?

'அண்ணன் மாண்டலேக்குப் போயிருக்கிறார்.' இந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள். இப்போது மாண்டலேயில் இருக்கிறார், கடையில் இல்லை என்பது ஒன்று. வாழ்க்கையில் எப்போதோ போய்வந்தவர், அந்த ஊர் தெரியும் என்பது இன்னொன்று. நமக்கு இடம் பார்த்துப் பொருள் புரிந்துவிடும். ஆங்கிலத்தில் முதலாவது 'ஹி ஹேஸ் கான் டு மாண்டலே', இரண்டாவது 'ஹி ஹேஸ் பீன் டு மாண்டலே'. மாற்றிச் சொன்னால், எதிரே நிற்கும் அண்ணனையே ஊரில் இல்லை என்று சொன்னதாகும்.

இந்த இடத்தில் தமிழை விடப் பர்மியம் கைகொடுக்கும். இந்தியாவில் ஆங்கிலம் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வசதி கிடையாது. அதே செய்தியைப் பர்மியத்தில் சொல்லிப் பாருங்கள். 'த்வா பீ' என்று வாயில் வந்தால் போய்விட்டார், ஆளைக் காணோம்: கான். 'யௌக் பூ டே' என்று 'பூ' வந்தால் அனுபவம்: பீன். 'பகான் யௌக் பூ லா?' என்பது அப்படியே 'ஹேவ் யூ எவர் பீன் டு பகான்?' இந்த அனுபவப் 'பூ'வை, இல்லை என்பதற்குக் கடைசியில் வரும் 'பூ'வோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். 'ம யௌக் பூ பூ' என்றால் இரண்டும் சேர்ந்து வருகின்றன: ஐ ஹேவ் நெவர் பீன் தேர்.

ஆனால் 'பீ' கேட்ட இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'ஹேவ்' போடாதீர்கள். டீக்கடையில் 'ஒரு லப்பெயே' என்று குரல் கொடுத்தால், பையன் அடுப்படியிலிருந்து நகராமலே 'லா பீ!' என்பான். நாமும் படுக்கையிலிருந்து எழாமலே 'இதோ வந்துட்டேன்' என்கிறவர்கள்தான். ஆங்கிலத்தில் இதற்கு 'ஐ ஹேவ் கம்' என்றால் ஆள் வந்து நின்றிருக்க வேண்டும். வரப்போகிறவர் சொல்ல வேண்டியது 'கமிங்!'

அறிகுறி 7: ஆல்ரெடி, யெட், எவர், ஜஸ்ட் தப்பான இடத்தில் விழுகின்றன

'தமின் ஸா பீபீலா?' என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்கிறார். 'ஸா பீபீ' என்றால் ஐ ஹேவ் ஆல்ரெடி ஈட்டன். சாப்பிடவில்லையென்றால் 'தே பூ' சேர்த்துப் பதில் வரும், அந்த 'தே'தான் 'யெட்': ஐ ஹேவன்ட் ஈட்டன் யெட். நடைமுறையில் இதற்கு மேல் பொருள் விளக்கம் தேவைப்படாது.

இடம்தான் பிரச்சினை. ஆல்ரெடி, ஜஸ்ட், எவர், நெவர் நான்கும் 'ஹேவ்' என்ற சொல்லுக்கும் வினையின் மூன்றாம் வடிவத்துக்கும் (கான், சீன், ஈட்டன் போன்றவை) நடுவில் உட்காரும். யெட் மட்டும் கடைசிப் பெஞ்சு. 'ஐ யெட் ஹேவ் நாட் ஈட்டன்' வேண்டாம். யெட் கேள்வியிலும் மறுப்பிலும் மட்டுமே வரும் என்று வைத்துக்கொண்டால் தொடக்கத்தில் போதும்.

'சாப்பிட்டாச்சு' என்று ஆளே இல்லாமல் பேசிப் பழகிய நாம் 'ஈட்டன் ஆல்ரெடி' என்று நிறுத்திவிடுவதும் உண்டு. ஆங்கிலத்தில் ஆளில்லாமல் வாக்கியம் புறப்படாது. ஆள் யாருமே இல்லாவிட்டாலும் ஒரு 'இட்' ஆவது வேண்டும்: இட் ஹேஸ் ரெய்ன்ட்.

அமெரிக்கப் படங்களில் 'டிட் யூ ஈட் யெட்?' என்று வருகிறதே என்று கேட்பார்கள். அங்கே அப்படித்தான் பேசுகிறார்கள், தவறில்லை. தேர்வுத்தாளில் மட்டும் 'ஹேவ் யூ ஈட்டன் யெட்?' என்றே எழுதுங்கள், மதிப்பெண்ணோடு விளையாட வேண்டாம்.

அறிகுறி 8: 'ஷி ஹேவ் வென்ட்', 'ஐ ஆம் கம்'

அவன், அவள், அது, ஒரு பெயர் வந்தால் ஹேஸ். மற்றதெல்லாம் ஹேவ். 'ஐ ஆம் கம்' எங்கிருந்து வருகிறது என்றால், 'வந்திருக்கிறேன்' என்பதில் உள்ள 'இருக்கிறேன்' காதில் 'ஆம்' ஆகிவிடுகிறது. மூன்றாம் வடிவத்துக்கு முன்னால் வரும் 'இருக்கிறேன்' எப்போதும் ஹேவ்தான்.

மூன்றாம் வடிவத்துக்குக் குறுக்கு வழி இல்லை. முதலில் பத்தை மட்டும் எடுங்கள்: கோ வென்ட் கான், சீ சா சீன், டூ டிட் டன், ஈட் ஏட் ஈட்டன், டேக் டுக் டேக்கன், கிவ் கேவ் கிவன், ரைட் ரோட் ரிட்டன், ஸ்பீக் ஸ்போக் ஸ்போக்கன், கம் கேம் கம், பை பாட் பாட். மூன்றையும் வாய்ப்பாடு மாதிரி பாடிவிட்டு நின்றுவிடாதீர்கள். வாய்ப்பாடு பாடியவருக்கு நடுவில் உள்ளதுதான் பேச்சில் முதலில் வாய்க்கு வரும், 'ஹேவ் வென்ட்' பிறப்பது அப்படித்தான். ஹேவ் சேர்த்தே சொல்லிப் பழகுங்கள்: ஹேவ் கான், ஹேவ் சீன், ஹேவ் டன்.

அறிகுறி 9: எழுதினால் சரி, பேசினால் 'ஹேவ்' காணாமல் போகிறது

பேச்சில் 'ஐ ஹேவ்' சுருங்கி 'ஐவ்' ஆகும். பர்மியம் சொல்லின் கடைசி மெய்யெழுத்தை உடைத்து ஒலிக்காது, தொண்டையில் அடைத்து நிறுத்திவிடும். அந்தப் பழக்கத்தில் 'ஐவ்' என்பதன் 'வ்'வும் 'வொர்க்ட்' என்பதன் 'ட்'டும் சேர்ந்தே மறைந்து, கேட்பவர் காதில் 'ஐ வொர்க்' என்று மட்டும் விழும்.

கடைசி மெய்யை அடுத்த சொல்லின் தலையில் ஏற்றுங்கள். 'ஐவ் ஈட்டன்' என்பதை 'ஐ-வீட்டன்' என்றும், 'வொர்க்ட் இன்' என்பதை 'வொர்க்-டின்' என்றும் சொல்லுங்கள். தமிழில் 'மரம் எது' என்பது 'மரமெது' ஆவது போலத்தான். அடுத்து உயிரெழுத்து இல்லாதபோது கீழுதட்டைப் பல்லில் ஒரு கணம் நிறுத்திவிட்டு நகருங்கள்: ஐவ்... டன். சரியாக வரும்வரை சுருக்கவே வேண்டாம். 'ஐ ஹேவ்' என்று முழுசாகச் சொல்வது பிழையல்ல. கைப்பேசியில் பதிவு செய்து, ஒரு நாள் கழித்துக் கேளுங்கள். சொன்ன உடனே கேட்டால், மனத்தில் இருக்கும் 'வ்' காதிலும் கேட்டுவிடும்.

அறிகுறி 10: இப்போது எல்லா வாக்கியத்திலும் 'ஹேவ்'

மருந்து அதிகமானால் வரும் நோய். 'ஐ ஹேவ் பீன் டு பகான். ஐ ஹேவ் ஸ்டேட் டூ நைட்ஸ். ஐ ஹேவ் ஈட்டன் மொகிங்கா...' என்று நீளும். 'ஹேவ்' கதவைத் திறந்துவிடும் சொல், உள்ளே போனபின் அதற்கு வேலையில்லை. முதல் கேள்வியிலும் முதல் பதிலிலும் போட்டுவிட்டு, எந்த முறை போனீர்கள் என்று பேச்சு திரும்பியதுமே இறந்தகாலத்துக்கு மாறிவிடுங்கள்:

ஹேவ் யூ எவர் பீன் டு பகான்?
யெஸ், ஐ ஹேவ். ஐ வென்ட் தேர் இன் 2019.
ஹவ் டிட் யூ கோ?
பை பஸ். வி லெஃப்ட் அட் நைட்.

முதல் இரண்டு வாக்கியத்தில் மட்டும்தான் ஹேவ். பிறகு வருபவை எல்லாம் வென்ட், டிட், லெஃப்ட். இருவர் சேர்ந்து பழகுவதானால், கேட்பவர் 'பூ' வரக்கூடிய ஒரு கேள்வியோடு தொடங்கி, அடுத்து வென், ஹவ், ஹூ வித் என்று மூன்று கேள்வி கேட்கட்டும். பதில் சொல்பவர் இரண்டாவது வாக்கியத்துக்குப் பிறகு ஒருமுறை 'ஹேவ்' போட்டாலும் மேசையைத் தட்டி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஊர், உணவு, வேலை என்று ஐந்து தொடக்கக் கேள்விகள் போதும், மொத்தமே பத்து நிமிடப் பயிற்சி. மேசை தட்டாமல் ஐந்தும் முடிந்த அன்று ஆட்களை மாற்றிக்கொள்ளுங்கள்.